பதினோராம் தெருவின் வியாழக்கிழமை

நெடுமடைப் பேரூராட்சியில் பதினெட்டுத் தெருக்கள் இருந்தன, அந்தப் பதினெட்டில் பதினோராம் தெருவுக்கு மட்டும் போன ஆடி மாதத்திலிருந்து வியாழக்கிழமை வருவது நின்று போனது. புதன்கிழமை அந்தத் தெருக்காரர்கள் எல்லாரையும் போலச் சாப்பிட்டு, எல்லாரையும் போலக் கதவைச் சாத்தி, பாயை விரித்துப் படுத்தார்கள். கண் விழித்தபோது வெள்ளிக்கிழமையாக இருந்தது. நடுவில் கனவு இல்லை, புரண்டு படுத்த ஞாபகம் இல்லை, நாவறட்சி கூட இல்லை. அடுப்படியில் மூடி வைத்த பால் திரியாமல் இருந்தது, தலையில் வைத்திருந்த பிச்சிப்பூ வாடாமல் இருந்தது, தொழுவத்து ஆடு பாதி தின்ற குழையை மிச்சமும் தின்றுகொண்டிருந்தது.

வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு அது வேறு மாதிரி இருந்தது. முதல் வியாழக்கிழமை காலையில் பால்காரர் சைக்கிளில் வந்தார், பத்தாம் தெருவில் கடைசி வீட்டுக்குப் பால் ஊற்றினார், திரும்பி ஒரு மிதி மிதித்தால் பன்னிரண்டாம் தெருவின் முதல் வீடு வந்துவிட்டது. இரண்டு தெருவின் சுவர்களும் ஒன்றோடொன்று ஒட்டி, சுண்ணாம்பு கூடக் கலந்து, பிறந்ததிலிருந்தே அப்படி நிற்பவை போல நின்றன. அவர் இறங்கி, சுவரைத் தட்டிப் பார்த்து, மிச்சப் பாலைத் தயிருக்குப் போட்டுவிடலாம் என்று வீட்டுக்குப் போனார். மறுநாள் தெரு இருந்த இடத்தில் இருந்தது. நான்கு வாரம் போனபின் அவர் வியாழக்கிழமைகளில் பாத்திரத்தைக் குறைத்துக்கொண்டு கிளம்பப் பழகிவிட்டார்.

ஊரும் பழகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் வியாழன்தோறும் பதினோராம் தெருப் பிள்ளைகளின் பெயருக்கு நேரே வராதவர் என்று குறித்துக் குறித்து அலுத்துப் போன டீச்சர், பிறகு அந்தப் பெயர்களைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார். பீடிக் கம்பெனிக்காரர் இலை கொடுக்கும் நாளைப் புதனுக்கு மாற்றினார். பஜாரில் அச்சகம் வைத்திருந்தவர் ஆறு கட்டம் மட்டும் போட்ட காலண்டர் ஒன்றை அடித்து அந்தத் தெருவுக்கென்றே விற்றார், அது நன்றாகவும் விற்றது. குரு பார்க்கக் கோடி நன்மை என்பார்கள், குருவின் கிழமையே இல்லாத தெருவில் குருபார்வை எங்கிருந்து வரும் என்று ஜோசியர் சொல்லிவிட, மூன்று கல்யாணப் பேச்சு முறிந்தது. வியாழக்கிழமை முதல் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்த ஒருவன் மட்டும் சத்தியத்தை மீறாமலே குடித்துக்கொண்டிருந்தான்.

தெருவிலும் இதை நல்லதாகப் பார்த்தவர்கள் உண்டு. அடுத்த வீட்டு முப்பிடாதி பீடி சுற்றுகிறவள், பேச்சை எதற்கும் அடக்காதவள். "வாரத்துக்கு ஒரு நாள் சோறு பொங்க வேண்டாம், ஒரு நாள் வயசு ஏற வேண்டாம், இதுல என்ன கெட்டுப் போவுது?" என்று அவள் சொல்வாள். ஓரிருவர் தப்பிக்கவும் பார்த்தார்கள். புதன்கிழமை வெளியூர் போய்ச் சொந்தக்காரர் வீட்டில் படுத்தார்கள். பிரயோஜனம் இல்லை. குடும்ப அட்டையில் பதினோராம் தெரு என்று இருந்தால் எங்கே படுத்தாலும் அந்தப் பாய் வியாழக்கிழமை காலியாகக் கிடந்தது.

ஆவுடைத்தங்கம் அந்தத் தெருவில் முப்பத்தேழாம் நம்பர் வீட்டில் இருந்தாள். முப்பத்தாறு வயது. பன்னிரண்டாம் வகுப்பும் டைப்ரைட்டிங்கும் முடித்து, பேரூராட்சி அலுவலகத்தில் ஒப்பந்தக் கூலிக்குக் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். பிறப்பு, இறப்பு, கூட்டத்தின் பொருள் பட்டியல், எல்லாம் அவள் கையால்தான் ஏறும். வியாழன்தோறும் அவளுக்கு ஆப்சென்ட் விழும். அவளும் மற்றவர்களைப் போல, என்ன செய்ய, நம்ம தெருவுக்கு எதுதான் நேரத்துக்கு வந்தது, இது வருவதற்கு என்று இருந்தாள்.

மாசி மாதத்தில் அவளுடைய அக்கா இறந்து போனாள். நெடுமடையிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் வாழ்க்கைப்பட்ட அக்கா, தாய் இல்லாத வீட்டில் இவளுக்குத் தலை பின்னி விட்டவள், வியாழக்கிழமை விடிகாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். அத்தான் போன் போட்டார். அப்படி ஒரு எண் உபயோகத்தில் இல்லை என்று சொன்னது. ஆள் அனுப்பினார். போனவன் இரண்டு சுவர்கள் ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். பகல் வெயிலில் வைத்திருக்க முடியாது என்று சாயங்காலமே எடுத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை ஆவுடைத்தங்கம் எழுந்து வாசல் தெளித்து, கோலம் போட்டு, காப்பி குடித்த பிறகுதான் போன் மணி அடித்தது. அவள் போய்ச் சேர்ந்தபோது சாம்பல் ஆறியிருந்தது.

"ஒரு நாள் முன்னாடி வந்திருக்கக் கூடாதாட்டி," என்று அங்கே ஒரு கிழவி, ஒன்றும் தெரியாமல்தான், அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

ஆவுடைத்தங்கம் அழவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்த வார்த்தை அவள் காதில் கிடந்து அரித்தது. ஒரு நாள் முன்னாடி. அந்த ஒரு நாள் எங்கே போனது, யார் எடுத்தார்கள், எதை வைத்து எடுத்தார்கள்?

பேரூராட்சியின் குடிநீர்ப் பிரிவில் ஒரு மூலையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. எந்தக் கிழமை எந்தத் தெருவுக்குத் தண்ணீர் திறக்க வேண்டும் என்று வால்வுகளுக்குச் சொல்வது அதுதான். வெளியூர்க்காரன் ஒருவன் பெர்ல் என்ற மொழியில் அந்தப் புரோகிராமை எழுதிக் கொடுத்திருந்தான். போன ஆடியில் பதினோராம் தெருக் குழாய் உடைந்தபோது, வியாழக்கிழமைகளில் அங்கே பள்ளம் தோண்டுவார்கள், அன்றைக்கு மட்டும் தண்ணீர் திறக்காமல் இருக்க வேண்டும் என்று கூப்பிட்டார்கள், அவன் வந்து ஏதோ ஒரு வரியைச் சேர்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனான். பத்தே நாளில் குழாய் சரியானது. அவன் வெளிநாடு போய்விட்டான். அந்த வரி இருந்த இடத்தில் இருந்தது. இதெல்லாம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கவில்லை. ஆவுடைத்தங்கம் சேர்த்துப் பார்த்தாள்.

அவளுக்கு பெர்ல் தெரியாது. ஆரம்பநிலைக்காரர்களுக்கென்று இணையத்தில் கிடந்த பாடங்களை எடுத்து, வீணாய்ப் போன வரி ரசீதுகளின் முதுகில் அச்சடித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தூக்குவாளிக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தாள். ஒரு பட்டியல் இருக்கும், அதில் உள்ள ஒவ்வொன்றையும் வரிசையாக எடுத்து ஒரே வேலையைச் செய்துகொண்டே போவதற்குச் சுற்று என்று பெயர். அவள் தன் மேஜைக் கம்ப்யூட்டரில் கத்தரி, வெண்டை, பாகல், முருங்கை என்று நான்கு காய்களைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றின் பெயரையும் திரையில் காட்டு என்றாள். நான்கும் வந்தன. பாகல் வந்தால் நெக்ஸ்ட் என்றாள். கத்தரி, வெண்டை, முருங்கை வந்தன. பாகலைத் தொடாமல், அதற்கு ஒரு வார்த்தை சொல்லாமல், அடுத்ததற்குத் தாண்டிப் போய்விட்டது. நெக்ஸ்டை எடுத்துவிட்டு லாஸ்ட் என்று போட்டாள். கத்தரி, வெண்டை, அவ்வளவுதான். பாகலும் இல்லை, அதற்குப் பின்னால் நின்ற பாவத்துக்கு முருங்கையும் இல்லை, சுற்றே அந்த இடத்தில் முடிந்துவிட்டது. லாஸ்டையும் எடுத்துவிட்டு, பெயரைக் காட்டும் வரிக்குக் கீழே, பாகல் வந்தால் ரீடூ என்று போட்டாள். அது பாகலிலேயே நின்றுகொண்டு, மறுபடி பாகல், மறுபடி பாகல் என்று திரை வழிய வழிய எழுதியது, கடைசியில் அவள் பிளக்கைப் பிடுங்கினாள்.

அக்கா போனபின் அன்றுதான் அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். பிறகு முகத்தைக் கழுவிவிட்டு, மூலைக் கம்ப்யூட்டரின் முன்னால் போய் உட்கார்ந்து, தண்ணீர்ப் புரோகிராமைத் திறந்தாள். வெளியே கிழமைகளின் சுற்று ஒன்று, அதற்குள்ளே தெருக்களின் சுற்று ஒன்று. ஒவ்வொரு கிழமைக்கும் ஒன்று முதல் பதினெட்டு வரை ஒவ்வொரு தெருவாக எடுத்து, வால்வைத் திற, நேரம் பார், மூடு. நாற்பத்தாறாவது வரியில் அது இருந்தது:

next if $kizhamai eq 'viyazhan' and $theru == 11;

கிழமை வியாழனாகவும் தெரு பதினொன்றாகவும் இருந்தால், தாண்டு. அவள் அதை மூன்று முறை படித்தாள். ஒரு கோபமும் அதில் இல்லை, ஒரு பகையும் இல்லை. பாகற்காயைத் தாண்டுவது போலத் தாண்டியிருந்தது.

செயல் அலுவலர் தேவசகாயம் நல்ல மனிதர், பக்கத்து நகரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர், ஓய்வுக்கு இரண்டு வருஷம் வைத்திருப்பவர். அவரிடம் போய் நின்றாள்.

"சார், ஒரே ஒரு வரி. அதை எடுத்துட்டா எங்களுக்கு வியாழக்கிழமை வந்துரும்."

"ஓடிக்கிட்டு இருக்கிறதைத் தொடக் கூடாதும்மா," என்றார் அவர். "அதைத் தொட்டு நாளைக்கு ஊருக்கே தண்ணி நின்னா யாரு பதில் சொல்றது? ஒரு தெருதானே, ஒரு நாள்தானே."

"ஒரு தெருதான் சார். அதுல நூத்திப் பன்னெண்டு பேரு."

"பார்ப்போம்."

பார்ப்போம் என்றால் பார்க்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் காத்திருந்தாள். பங்குனி பிறந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, அந்த வாரம் வியாழக்கிழமை நடக்கவிருந்த மன்றக் கூட்டத்தின் பொருள் பட்டியலைத் தட்டச்சு செய்யக் கொடுத்தார்கள். நெடுமடையில் மன்றக் கூட்டம் எப்போதும் வியாழக்கிழமைதான். ஏழாவது பொருளுக்கு வந்தபோது அவள் விரல்கள் நின்றன. நில அளவையர் வியாழக்கிழமையன்று நேரில் அளந்து பார்த்ததில் பத்தாம் தெருவும் பன்னிரண்டாம் தெருவும் ஒட்டியிருப்பதாகவும், இடையில் தெரு ஏதும் இல்லை எனவும் தெரிய வருவதால், பதிவேட்டில் பதினோராம் தெரு என்றுள்ள இடத்தைப் புறம்போக்காக்கி, பேருந்து நிலைய விரிவாக்கத்துக்கு ஒதுக்கலாமா என்று மன்றத்தின் முடிவுக்கு. ஆட்சேபணை உள்ளவர்கள் எழுத்தில் கொடுத்து, கூட்டத்துக்கு நேரில் வர வேண்டும்.

நேரில். வியாழக்கிழமை. நாங்கள் இல்லாத கிழமையில் அளந்து, நாங்கள் இல்லாத கிழமையில் கூடி, நாங்கள் இல்லை என்று தீர்மானம் போடப் போகிறார்கள். அவள் ஏழாவது பொருளை ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் அடித்து முடித்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் எல்லாரும் எழுந்து போன பின் மூலைக் கம்ப்யூட்டரைத் திறந்தாள். வரியை அழிப்பது ஒரு நொடி வேலை. ஆனால் அழித்தால் என்ன ஆகும்? நாளைக்கு விழிப்போம், கையில் எழுதின ஆட்சேபணை ஒன்று இருக்காது, பதினைந்து உறுப்பினர்களும் உட்கார்ந்து கையைத் தூக்குவார்கள், தீர்மானம் நிறைவேறும், நாம் பார்த்துக்கொண்டு நிற்போம். அவளுக்குத் தேவைப்பட்டது ஒரு வாரம்.

அவள் நெக்ஸ்ட் என்பதை அழித்து லாஸ்ட் என்று அடித்தாள். மீதி வரி அப்படியே. பிறகு கை ஒரு கணம் தயங்கியது. ஏனென்றால் பாடத்தில் இன்னொன்றும் படித்திருந்தாள்: வெளிச்சுற்றுக்கு ஒரு பெயரிட்டு, லாஸ்டுக்குப் பக்கத்தில் அந்தப் பெயரையும் எழுதிவிட்டால், தெருக்களின் சுற்று மட்டுமல்ல, கிழமைகளின் சுற்றே நின்றுபோகும். அதன்பிறகு நெடுமடைக்கு வெள்ளி இல்லை, சனி இல்லை, யாருக்கும் எதுவும் இல்லை. அக்காவின் ஆறிப்போன சாம்பல் அவள் கண் முன்னால் வந்தது. அவள் அந்தப் பெயரை அடித்தாள். அடித்த எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, அக்கா இருந்தால் தலையில் குட்டியிருப்பாள் என்று நினைத்து, பெயரை மட்டும் அழித்துவிட்டு, சேமித்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அடுத்த நாள் நடந்ததை அவள் பார்க்கவில்லை, பத்தாம் தெருக்காரர்கள் சொல்லித்தான் தெரியும். வியாழக்கிழமை விடிந்தபோது நெடுமடை பத்தாம் தெருவோடு முடிந்துவிட்டது. அதற்கு அந்தப் பக்கம் வாய்க்காலும் வாழைத்தோட்டமும். மாரியம்மன் கோயிலும் இல்லை, அரிசி ஆலையும் இல்லை, பேரூராட்சித் தலைவரின் மாடி வீடும் இல்லை. பால்காரர் சைக்கிளை நிறுத்தி, கேனைத் திறந்து பார்த்து, இன்றைக்குத் தயிர் நிறையப் போட வேண்டும் என்றார். காலை பதினொரு மணிக்கு மன்றத்தில் பதினைந்து நாற்காலிகளில் ஆறு நிரம்பியது. பாதிப்பேராவது இருந்தால்தான் கூட்டம் என்பது விதி. தேவசகாயம் ஒரு மணி நேரம் காத்திருந்தார், கடிகாரத்தைப் பார்த்தார், ஜன்னல் வழியே வாழைத்தோட்டத்தைப் பார்த்தார், கூட்டம் அடுத்த வியாழனுக்கு ஒத்திவைக்கப்படுகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை எட்டுத் தெருக்கள் ஒன்றாக விழித்தன. தலைவர் கோமதிநாயகம் தலை கூடச் சீவாமல் அலுவலகத்துக்குள் வந்தார். கையில் ரோஜா மாலை ஒன்று, புதன்கிழமை வாங்கியது, இதழ் வாடாமல்.

"யாரு அந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டது?"

தேவசகாயம் வாயைத் திறக்குமுன் ஆவுடைத்தங்கம் எழுந்து நின்றாள். "நான்தான்."

"எம் மகளுக்கு நேத்து நிச்சயதார்த்தம். தெரியுமா உனக்கு? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ரெண்டு வேன்ல வந்து, தெருவைக் காணாம திரும்பிப் போயிருக்காங்க. போன் போட்டா அப்படி ஒரு நம்பரே இல்லைன்னு சொல்லுதாம்."

"அப்படித்தான் சொல்லும். எங்க அக்கா செத்த அன்னைக்கு அத்தானுக்கும் அப்படித்தான் சொல்லுச்சு."

தலைவர் மாலையை மேஜை மேல் வைத்தார். பிறகு தணிந்த குரலில், "அந்த வரியை நானா எழுதினேன்?" என்றார்.

"எழுதல. கெடந்துட்டுப் போவட்டும்னு விட்டீங்க. அதோட நிக்காம, நாங்க இல்லாத கிழமையாப் பாத்து அளக்க ஆள் அனுப்புனீங்க."

"சரிம்மா, சரி," என்று தேவசகாயம் இடையில் புகுந்தார். "பழையபடியே மாத்திரு. மத்ததை அப்புறம் பேசலாம்."

"பழையபடி மாத்த மாட்டேன் சார். வரியை எடுக்கச் சொல்லுங்க, எடுக்கேன். இல்லைன்னா இப்படியே இருக்கட்டும். பதினொன்னுல இருந்து பதினெட்டு வரைக்கும் எல்லாரும் சேந்தே தூங்குவோம்."

தேவசகாயம் சென்னைக்குப் போன் போட்டார். பெர்ல் தெரிந்த ஆள் ஒருவர் இருக்கிறார், ஆனால் பதினைந்து நாள் கழித்துத்தான் வர முடியும் என்றார்கள். அதற்குள் இரண்டு வியாழக்கிழமை வரும். மாப்பிள்ளை வீட்டார் மறுபடி வருவதாக ஒத்துக்கொண்டிருந்ததோ அடுத்த வியாழக்கிழமை. கோமதிநாயகம் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்தார்.

"எடு," என்றார். "எடுத்துட்டு, இந்த ஆபீஸ்ல உனக்கு இனி வேலை இல்லை."

"சரி," என்றாள் ஆவுடைத்தங்கம். இருவரும் பின்னால் நிற்க, அவள் நாற்பத்தாறாவது வரியின் கடைசியில் போய் நின்று ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தாள். எழுத்துகள் பின்னாலிருந்து முன்னால் ஒவ்வொன்றாக மறைந்து, வரி காலியானது.

அந்த ஒரு வாரம் பதினோராம் தெரு எழுதிக்கொண்டே இருந்தது. எழுதத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு எழுதினார்கள். முப்பிடாதி முதலில் முறுக்கிக்கொண்டாள்.

"வீட்டையே இல்லைன்னு எழுதப் போறாவளாமே, நெசமாட்டி?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள்.

"நெசந்தான் எக்கா."

"அப்பம் எம் பேரையும் எழுது. பெருசா எழுது."

வியாழக்கிழமை வந்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு வருகிற கிழமை எப்படி இருக்குமோ என்று தெரு முழுவதும் இருட்டோடு எழுந்து வாசலில் வந்து நின்றது. அது மற்றக் கிழமைகளைப் போலத்தான் இருந்தது. காக்கை கத்தியது. பால்காரர் சைக்கிளை விட்டு விழாத குறையாக இறங்கினார். குழாயில் முதலில் காற்று சீறியது, பிறகு துருநிறத்தில் தண்ணீர் வந்தது, பிறகு தெளிந்தது. ஒருவரும் ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. குளித்து, தலை சீவி, இருப்பதில் நல்லதை உடுத்தி, கைக்குழந்தைகள் உட்பட நூற்றுப் பன்னிரண்டு பேரும் மன்றத்துக்கு நடந்தார்கள்.

ஏழாவது பொருளை தேவசகாயம் வாசித்தார். ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்றார். முதல் வீட்டுக்காரர் எழுந்து, தன் பெயரையும் கதவு எண்ணையும் சொல்லி, "நான் இருக்கேன்," என்றார். அடுத்தவர் எழுந்தார். பெயர், கதவு எண், நான் இருக்கேன். ஒன்பதாவது ஆள் உட்கார்ந்ததும் கோமதிநாயகம் கடிகாரத்தைப் பார்த்தார்.

"எல்லாருக்கும் ஒரே பேச்சுதானே. இதோட எடுத்துக்கிட்டு அடுத்த பொருளுக்குப் போயிரலாம்."

ஆவுடைத்தங்கம் எழுந்தாள். "ஒருத்தரையும் தாண்டக் கூடாது."

"மதியச் சாப்பாட்டு நேரம் ஆயிரும்மா. போதும், நிப்பாட்டிக்கலாம்."

"நடுவுல நிப்பாட்டவும் கூடாது. கடைசி ஆளு வரைக்கும் கேக்கணும்."

உறுப்பினர்களில் ஒன்பது பேர் போன வியாழனில் தாங்களும் இல்லாமல் போனவர்கள். அவர்களில் ஒருவர், பன்னிரண்டாம் தெருக்காரர், தொண்டையைச் செருமிக்கொண்டு, "கேப்போம் தலைவரே, இருந்து கேப்போம்," என்றார். தலைவர் சாய்ந்து உட்கார்ந்தார். வெயில் ஜன்னலின் ஒரு கம்பியிலிருந்து இன்னொரு கம்பிக்கு நகர்ந்தது. பேசத் தெரியாத குழந்தைகளைத் தாய்மார் தூக்கிக் காட்டி, பெயரைச் சொல்லி, இருக்கு என்றார்கள். முப்பிடாதி தன் முறை வந்ததும் இருக்கேன் என்பதோடு நிறுத்தாமல், நில அளவையருக்குக் கண் பார்க்க ஒரு வைத்தியரையும் சிபாரிசு செய்தாள். மன்றத்தில் அன்று சிரித்தது அந்த ஒரு முறைதான். நூற்றுப் பன்னிரண்டாவது ஆள் உட்கார்ந்தபோது மணி நான்கு. கோமதிநாயகத்துக்கு மகளின் நிச்சயதார்த்தத்துக்குப் போக வேண்டும். ஏழாவது பொருளைக் கைவிடுவதாக எத்தனை பேர் என்றார்கள். பதினொரு கைகள் உயர்ந்தன. கடைசியாக, யாரையும் பார்க்காமல், தலைவரின் கையும்.

ஜனங்கள் வெளியே இறங்கிக்கொண்டிருந்தபோது தேவசகாயம் ஆவுடைத்தங்கத்தைக் கூப்பிட்டு, ஒரு உறையைக் கொடுத்தார். அவர் முகம் வாடியிருந்தது. ஒப்பந்தம் இன்றோடு முடிகிறது என்ற கடிதம். "ஒரு வாரம் தள்ளிப் போட்டேன், என்னால இவ்வளவுதான்மா முடிஞ்சது," என்றார். "நகல்ல வாங்கிக்கிட்டேன்னு ஒரு கையெழுத்துப் போட்டு, தேதி எழுதிரு."

அவள் அவருடைய பேனாவை வாங்கி முழுப் பெயரையும் எழுதினாள். கீழே தேதியை எழுதினாள். அதன் பக்கத்தில் நிதானமாக, கொட்டை எழுத்தில், வியாழக்கிழமை என்று எழுதத் தொடங்கினாள்.

"கிழமை வேண்டாம்மா," என்றார் தேவசகாயம். "தேதியே போதும்."

"எனக்குப் போதாது சார்," என்று சொல்லிவிட்டு அவள் எழுதி முடித்தாள்.